எந்த ராஸ், யார் ராஸ்? கேள்வி பதில்

கேள்வி: ஐயா, அந்தமானில் ஒரு ராஸ் தீவு, அண்டார்க்டிகாவில் ஒரு ராஸ் தீவு. இரண்டும் ஒரே ஆளின் பெயரா?

பதில்: இல்லை. அந்தமான் தீவு கடல் அளவையாளர் டேனியல் ராஸின் பெயரைத் தாங்கியது. ஆங்கிலேயர் அங்கிருந்துதான் அந்தமானை ஆண்டார்கள். 2018-ல் அது நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு ஆயிற்று. மற்றது ஜேம்ஸ் கிளார்க் ராஸின் பெயர். 1841-ல் எரிபஸ், டெரர் என்ற கப்பல்களோடு அந்தப் பக்கம் போனவர். ராஸ் கடலும் ராஸ் சீல் என்ற கடல்நாயும் அவர் பெயரில்தான்.

கேள்வி: ராஸ் ரிவர் வைரஸும் கொசுவால் பரவுவதுதானே? மலேரியா ராஸ் கண்டுபிடித்ததா?

பதில்: பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். அல்மோராவில் பிறந்த ரோனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கொசுக்களை அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். காற்றில் கொசு பறந்துவிடும் என்று பங்கா என்ற கூரை விசிறியை இழுக்கக்கூட விடவில்லை. வியர்வை பட்டு நுண்ணோக்கியின் திருகுகள் துருப்பிடித்தன. ஹுசேன் கான் என்ற மலேரியா நோயாளி, கடிக்கு ஓர் அணா வாங்கிக்கொண்டு கொசுக்களுக்குத் தன் உடம்பைக் கொடுத்தார். அவர் இரத்தம் குடித்த கொசுவின் இரைப்பைச் சுவரில்தான், 1897 ஆகஸ்ட் 20 அன்று, கரும்புள்ளிகள் கொண்ட உருண்டை உயிரணுக்கள் தென்பட்டன; அவைதான் கொசுவுக்குள் வளரும் மலேரியாக் கிருமிகள். 1902-ல் ராஸுக்கு நோபல் பரிசு வந்தது. பாடப்புத்தகங்களில் ஹுசேன் கானின் பெயரும் இருக்கவேண்டும் என்பேன்.

வைரஸ் கதை வேறு. ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் நகரில் ஓடும் ராஸ் ஆற்றருகே பிடித்த கொசுக்களில் 1959-ல் அகப்பட்டது அது. ரோனால்டு ராஸ் 1932-லேயே காலமாகிவிட்டார்.

கேள்வி: என் தம்பிக்கு டாக்டர் 'ராஸ் ஆபரேஷன்' பற்றிச் சொன்னார். அது?

பதில்: இதய அறுவை நிபுணர் டொனால்டு ராஸ் 1967-ல் லண்டனில் தொடங்கிய முறை. பழுதான பெருந்தமனி வால்வை எடுத்துவிட்டு, நோயாளியின் சொந்த நுரையீரல் தமனி வால்வை அங்கே பொருத்துவார்கள். காலியான இடத்துக்குப் பெரும்பாலும் தானமாகக் கிடைத்த வால்வு. கோல்ஃப் மைதானங்கள் அமைத்த டொனால்டு ராஸ் வேறொருவர்.

கேள்வி: ராஸ் வாத்து?

பதில்: கனடாவில் விலங்குத் தோல் வியாபாரம் செய்த ஹட்சன் பே கம்பெனியின் அதிகாரி பெர்னார்டு ராஸின் பெயர்.

கேள்வி: இவர்கள் எல்லாம் சொந்தக்காரர்களா?

பதில்: வட ஸ்காட்லாந்தில் ராஸ் என்றொரு சீமை உண்டு. அந்தப் பெயரோடு பலர் உலகெங்கும் போனார்கள். பெயர் ஒன்று என்பதால் உறவு என்று கொள்ள முடியாது. மெய்யான உறவு அண்டார்க்டிகா போன ஜேம்ஸுக்கும் அவர் சித்தப்பா ஜான் ராஸுக்கும். 1818-ல் இருவரும் ஒன்றாக வட அமெரிக்காவின் வடக்கே சுற்றி ஆசியாவுக்குப் போகும் வடமேற்குக் கடல்வழி தேடிப் போனார்கள். லங்காஸ்டர் நீரிணையை மலை அடைத்து நிற்கிறது என்று ஜான் திரும்பிவிட்டார். மறு ஆண்டே வில்லியம் பாரி அந்த 'மலை' வழியாகக் கப்பலை ஓட்டிச் சென்றார். அந்தக் கப்பலிலும் ஜேம்ஸ் இருந்தார்.