மஞ்சள் எத்தனை செக்கன்? சந்தி விளக்கு பற்றிய கேள்வி பதில்

வீதிப் பொறியியல் வேலையில் பல வருசம் இருந்தவன் நான். இலங்கையின் கிழக்குக் கரையில் காத்தான்குடி முதல் அக்கரைப்பற்று வரை பலர் சிக்னல் நேரம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

காத்தான்குடி, மோட்டார் சைக்கிள்காரர்: காக்கா, மஞ்சள் விழக்குள்ள கோட்டுக்குக் கிட்ட வந்திருவன். பிரேக் அடிச்சாப் பின்னால வாற ஓட்டோ இடிக்கும், அடிக்காட்டி சிவப்பு விழுந்திரும். பிழை எனக்கா, லைட்டுக்கா?

தம்பி, நீங்கள் 50இல் வந்திருந்தால் பிழை லைட்டில் இருக்கலாம். 50 கிலோமீற்றர் வேகம் என்றால் செக்கனுக்கு 14 மீற்றர். மஞ்சளைக் கண்டு பிரேக்கில் கை போவதற்கே ஒரு செக்கன் போய்விடும். பிறகு சறுக்காமல், பின்னால் வருபவரையும் பதற வைக்காமல் நிற்க இன்னும் 32 மீற்றர் வேண்டும். மொத்தம் 46. அதைவிடக் கிட்ட வந்துவிட்டவர் போகத்தான் வேண்டும், அதற்கு 3.3 செக்கன் தேவை. மஞ்சள் 2 செக்கன்தான் எரியும் என்றால், கோட்டிலிருந்து 28 மீற்றருக்கும் 46 மீற்றருக்கும் இடையில் அகப்பட்டவருக்கு நிற்கவும் வழியில்லை, போகவும் வழியில்லை. 1960இலேயே காஸிஸ், ஹெர்மன், மராடுடின் என்ற மூன்று ஆய்வாளர்கள் இந்தச் சிக்கலைக் கணக்காக எழுதிக் காட்டிவிட்டார்கள். 70இல் வந்தால் 4.2 செக்கன் வேண்டும். அந்தப் பிழை உங்களுடையது.

அதே தம்பி: அப்ப மஞ்சளை 8 செக்கன் ஆக்கினா என்ன?

வேண்டாம். நாலு நாளில் எல்லாரும் அதையும் பச்சையாக எண்ணி ஓட்டுவார்கள்.

கல்முனை, ஓட்டோ ஓட்டுநர்: எல்லாப் பக்கமும் சிவப்பா நிக்குதே, அது வீண்தானே?

வீண் இல்லை. கடைசியாகச் சந்திக்குள் புகுந்தவர் வெளியேறுவதற்கான நேரம் அது. 20 மீற்றர் அகலச் சந்தியைக் கார் இரண்டு செக்கனுக்குள் தாண்டும். சைக்கிளில் ரியூசனுக்குப் போகிற பிள்ளைக்குக் கிட்டத்தட்ட ஐந்து செக்கன். காருக்கு மட்டும் கணக்குப் போட்டு வைத்த சந்தியில், உங்களுக்குப் பச்சை விழும்போது அந்தப் பிள்ளை நடுவில் இருக்கும். அதனால் பச்சை விழுந்தாலும் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு எடுங்கள்.

கல்லடி, ஒரு மகள்: ஐயா, அம்மாவுக்கு 72 வயது. பாதி ரோட்டிலயே சிவப்பு விழுந்திருது.

தங்கச்சி, இதைத்தான் நான் அதிகம் யோசிப்பது. ஒருமுறை நேரம் அளக்கச் சந்தியில் நின்றேன். பன்பையில் மீனோடு ஒரு அம்மா. பச்சை மனிதன் எரிந்து மூன்று செக்கன் கழித்துத்தான் காலை வைத்தார். ஒரு ஓட்டோ உண்மையிலேயே நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றார். நடுக்கோட்டில் செருப்புக் கழன்றது. குனிந்து மாட்டி நிமிர, சிவப்பு. லொறிக்காரர் ஹோர்ன் அடித்தார்.

செக்கனுக்கு 1.2 மீற்றர் நடப்பவருக்கு 14 மீற்றர் வீதியைக் கடக்க 12 செக்கன் போதும். முதியவர் 0.9தான் நடப்பார் என்றால் 15க்கு மேல் வேண்டும், தயங்கி நிற்கும் நேரம் வேறு. ஆஸ்பத்திரி, சந்தை, கோயில், பள்ளிவாசல் பக்கத்துச் சந்திகளில் முதியவரை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். வாகனத்துக்குப் பச்சை விழுவதற்கு மூன்று செக்கன் முன்பே நடப்பவரை இறங்க விட்டால், திரும்பும் வாகனங்கள் அவரைக் கண்ணால் கண்டுவிடும்.

அக்கரைப்பற்று: செக்கன் எண்ணிக் காட்டுற லைட் நல்லதா?

நடப்பவருக்கு நல்லது. வாகனத்துக்கு அரைகுறை: சிவப்பு 3, 2 என்று இறங்கும்போதே ஆக்சிலேட்டரை முறுக்கிவிடுகிறார்கள்.

கல்லடி மகள்: நேரத்தைக் கூட்டச் சொல்லி யாருக்கு எழுதுற ஐயா?

கல்லடி, கல்முனை வழியாகப் போகிற ஏ4 போன்ற பெருவீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. உள்வீதி என்றால் மாநகர சபையில் கேளுங்கள். அம்மாவோடு போகும்போது போனில் நேரம் வைத்து, காலையிலும் பின்னேரத்திலும் மூன்று தரம் அளந்து எழுதுங்கள்: வீதி எத்தனை மீற்றர், பச்சை எத்தனை செக்கன், அம்மாவுக்கு எத்தனை செக்கன். அந்த அளவுகளை எனக்கும் அனுப்புங்கள், கணக்கை நான் போட்டுத் தருகிறேன்.