தனியா மலையேறலாமா, கூட ஆள் வேணுமா?

திருப்பூர்ல இருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கார். வயசு 34, ஏற்றுமதி கம்பெனியில மெர்ச்சண்டைசர், வாரம் பூரா போன்ல கத்திக்கிட்டே இருக்கறதால மலைக்குப் போனாலாவது வாயைத் திறக்காம நடக்கணும்னு ஆசை. ஃப்ரெண்ட்ஸோட பிளான் போட்டா கடைசி நாள்ல பாதிப்பேர் கழண்டுக்கறாங்க, இன்ஸ்டாகிராம்ல விளம்பரம் போடற ட்ரெக்கிங் குரூப்ல சேரலாம்னா முகம் தெரியாத ஆளுங்க, வீட்டுக்காரம்மா தனியா மட்டும் போகக்கூடாதுன்னு ஒரே பிடிவாதம். வெள்ளியங்கிரில ஆரம்பிச்சு, அப்புறம் குரங்கணி, வால்பாறை பக்கம், அடுத்த வருஷம் இமயமலையில கேதார்காந்தான்னு லிஸ்ட் வச்சிருக்கார். தனியா போலாமா, துணை வேணும்னா எத்தனை பேருன்னு கேக்கறார்.

சுருக்கமா சொல்லிடறேன். வெள்ளியங்கிரிக்கு சீசன்ல தனியா போலாம், கொஞ்சம் ஏற்பாடு பண்ணிட்டு. குரங்கணி, வால்பாறை காட்டுக்குள்ள தனியாங்கற பேச்சே கிடையாது, சட்டமே விடாது. கேதார்காந்தாவுக்கு டீமோடதான். மூணுக்கும் மூணு பதில் வர்றதுக்குக் காரணம், தலைய எண்ணிப் பாக்கறது நான் கேக்கற முதல் கேள்வி இல்ல. கால் பிசகி ஒரு பாறை மேல உக்காந்துட்டீங்க, எழுந்திருக்க முடியல, அப்ப யார் கீழ போய் சொல்லுவாங்க, எவ்வளவு நேரத்துல சொல்லுவாங்க? இதுக்கு பதில் இருந்தா தனியா போங்க, பதில் இல்லேன்னா பத்து பேரோட போனாலும் எனக்கு பயம்தான்.

முதல்ல சட்டத்தைப் பாத்துருவோம், ஏன்னா பாதி விஷயம் அங்கயே முடிஞ்சிரும். நம்ம ஊர்ல நடக்க ஆசைப்படற இடம் நிறைய ரிசர்வ் காடு, இல்லேன்னா புலிகள் காப்பகம், வனத்துறை அனுமதி இல்லாம உள்ள கால் வச்சாலே வழக்கு போடலாம். 2018-ல குரங்கணி தீ விபத்துக்கு அப்புறம் மாநில அரசு மலையேற்றத்துக்குன்னே தனி விதி கொண்டு வந்துச்சு. 2024 அக்டோபர்ல 'ட்ரெக் தமிழ்நாடு'ன்னு ஒரு திட்டம் ஆரம்பிச்சு 40 பாதைகளைத் திறந்தாங்க, எளிது, நடுத்தரம், கடினம்னு பிரிச்சு வச்சிருக்காங்க, ஆன்லைன்லயே புக் பண்ணலாம். குரங்கணி – சாம்பலாறு அந்த லிஸ்ட்ல இருக்கு. நீங்க ஒத்த ஆளா டிக்கெட் எடுத்தாலும் வழிகாட்டியோடதான் அனுப்புவாங்க, பெரும்பாலும் அந்த ஊர்க்காரங்க, பழங்குடி இளைஞர்கள். என்னைக் கேட்டா இதுதான் உங்களுக்கு ரொம்பப் பொருத்தம். வழிகாட்டி தேவையில்லாம பேச மாட்டார், செல்ஃபிக்கு நிக்கச் சொல்ல மாட்டார், உங்களுக்கு வேண்டிய அமைதியும் கிடைக்கும், துணையும் இருக்கும். ஒண்ணு மட்டும், பிப்ரவரி மத்தியில இருந்து ஏப்ரல் மத்தி வரைக்கும் காட்டுத்தீ சீசன்னு பாதைகளை மூடி வைப்பாங்க, அதைப் பாத்து லீவு போடுங்க.

வெள்ளியங்கிரி கதை வேற. பூண்டி கோயில் அடிவாரத்துல இருந்து ஏழு மலை, ஒரு வழிக்கே சுமார் 6 கிலோமீட்டர், பிப்ரவரியில இருந்து மே வரைக்கும் விடுவாங்க, வார இறுதின்னா ராத்திரி முழுக்க டார்ச் வெளிச்சம் வரிசையா ஏறிக்கிட்டே இருக்கும். அங்க தனியா போனாலும் நீங்க தனியா இல்ல. ஆனா கூட்டம் வேற, துணை வேற. 2024 சீசன்ல அங்க பல பேர் மூச்சுத்திணறல், மாரடைப்புன்னு இறந்தாங்க, சுத்தி ஆளுங்க இருந்தும்தான். முன்னாடி போறவருக்கு உங்க பேர் தெரியாது, உங்களுக்கு சுகர் இருக்கா பிரஷர் இருக்கான்னு தெரியாது, நீங்க வழுக்குப்பாறையில அரை மணி நேரமா தலையைத் தொங்கப் போட்டு உக்காந்திருந்தா ரெஸ்ட் எடுக்கறார்னு நினைச்சுட்டுத் தாண்டிப் போயிருவாங்க. கூட வந்தவனா இருந்தா மூஞ்சி வெளுத்திருக்கே, மாப்ள என்னடா பண்ணுதுன்னு கேப்பான். அதனால தனியா போறதா இருந்தா மலைக்கு முன்னாடி டாக்டர். 34 வயசு, உக்காந்து செய்யற வேலைன்னா ஒரு பிரஷர் செக், ஒரு ஈசிஜி எடுத்துட்டு, ஒரு மாசமாவது படிக்கட்டு ஏறிப் பழகிட்டுப் போங்க. இன்னொண்ணு, வேர்வையில நனைஞ்ச சட்டையோட ஏழாவது மலைக் காத்துல நின்னா உடம்பு வெடவெடன்னு நடுங்கும், காஞ்ச டீஷர்ட் ஒண்ணு, ஒரு ஜெர்கின் பையில இருக்கட்டும். கம்பு அடிவாரத்துலயே விக்கறாங்க, வாங்கிக்கோங்க, அது ஏறறதுக்கு வேண்டாம், இறங்கறதுக்கு வேணும், முட்டி கழண்டு போறது எல்லாம் திரும்பி வர்றப்பதான்.

சரி, துணை எதுக்கு, எத்தனை பேரு? மலம்புழா சம்பவம் ஞாபகம் இருக்கும். 2022 பிப்ரவரியில பாலக்காடு பக்கம் ஒரு பையன் நண்பர்களோட குன்று ஏறி, வழுக்கி பாறை இடுக்குல மாட்டிக்கிட்டு 40 மணி நேரத்துக்கு மேல சோறு தண்ணி இல்லாம உக்காந்திருந்தான், கடைசியில ராணுவம் கயிறு கட்டி இறங்கி மேல தூக்குச்சு. கூட இருந்த பசங்களால அவனை மேல ஏத்த முடியல. ஆனா கீழ இறங்கி வந்து எங்க மாட்டியிருக்கான்னு சொன்னாங்களே, அதுதான் பெரிய விஷயம். துணையால உங்களைத் தூக்க முடியாது, சேதி சொல்ல முடியும். மலையேறறவங்க ரொம்ப நாளா நாலு பேருன்னு சொல்றது இதனாலதான், ஒருத்தனுக்கு அடிபட்டா ஒருத்தன் அவன் கூட உக்காருவான், ரெண்டு பேர் சேந்து கீழ போவாங்க, சேதி சொல்லப் போறவனும் தனியா போக வேண்டியதில்ல. ரெண்டே பேருன்னா யாரு போறது யாரு இருக்கறதுங்கறதே பெரிய முடிவாயிரும். எட்டு பத்துக்கு மேல போனா அது வேற தலைவலி.

அந்தத் தலைவலி என்னன்னா, கூட்டமா போறப்ப யாரும் பாக்காத ஒரு விஷயம் நடக்கும். வேகமா நடக்கறவங்க முன்னாடி போய் ஒரு மர நிழல்ல உக்காந்து தண்ணி குடிச்சு கடலைமிட்டாய் தின்னுட்டு இருப்பாங்க, பின்னாடி வர்றவர் மூச்சு வாங்க அங்க வந்து சேருவார், அவரைப் பாத்ததும் "வந்தாச்சா, சரி கிளம்பலாம்"னு எல்லாரும் எழுந்திருவாங்க. யாருக்கு ரெஸ்ட் வேணுமோ அவருக்கு மட்டும் நாள் பூரா ரெஸ்ட்டே கிடைக்காது. சாயங்காலம் யாரு விழறாங்கன்னு பாருங்க, அவரேதான் இருப்பார். நல்ல லீடரா இருந்தா மெதுவா நடக்கறவரை முன்னாடி விட்டு அவர் வேகத்துக்கு எல்லாரையும் நடக்க வைப்பார், கடைசி ஆளா விஷயம் தெரிஞ்ச ஒருத்தரைப் போடுவார், பாதை பிரியற இடத்துல எல்லாம் கடைசி ஆள் வர்ற வரைக்கும் யாரையும் நகர விட மாட்டார்.

இன்னொரு ஆபத்து, கூட்டத்துல எல்லாருக்கும் ஒரு அசட்டு தைரியம் வரும். இத்தனை பேர் போறாங்களே, லீடருக்குத் தெரியாதான்னு நினைச்சுப்போம், மேகம் கறுக்குது திரும்பிரலாம்னு மனசுல தோணினதை யாரும் வாய் விட்டு சொல்ல மாட்டாங்க. குரங்கணியில 2018 மார்ச் 11 அன்னிக்கு தீயில மாட்டி 20 பேருக்கு மேல இறந்தாங்களே, அவங்க யாரும் தனியா போனவங்க இல்ல, குழுவா போனவங்கதான். மார்ச் மாசம், காஞ்ச புல்லு, காத்து, சரிவுல தீ மேல் நோக்கி ஏறற வேகத்துக்கு மனுஷன் ஓட முடியாது. அந்த மாசத்துல அந்தச் சரிவுல எத்தனை பேர் கூட இருந்தாலும் அது பாதுகாப்பு ஆகாது.

அதனால இன்ஸ்டாகிராம் குரூப்ல சேர்றதுக்கு முன்னாடி போன் போட்டுக் கேளுங்க. வனத்துறை அனுமதிச் சீட்டு காட்ட முடியுமா, மொத்தம் எத்தனை பேர், எத்தனை பேருக்கு ஒரு லீடர், முதலுதவி யாருக்குத் தெரியும், திரும்பற நேரம் எத்தனை மணி, அதாவது உச்சிக்குப் போய்ச் சேரலேன்னாலும் எத்தனை மணிக்குத் திரும்பிருவாங்க. திரும்பற நேரத்துக்கு டக்குனு பதில் வரணும். "அதெல்லாம் பாத்துக்கலாம் ப்ரோ"ன்னு வந்தா வச்சுருங்க. அனுமதி பத்திக் கேட்டதுக்கு "லோக்கல்ல பேசிட்டோம்"னு சொன்னாலும் அப்படித்தான். இதைப் படிக்கற பெண்களுக்கு ஒரு வார்த்தை, இந்தக் கேள்வியோட சேத்து ராத்திரி எங்க தங்கறோம், குரூப்ல வேற பெண்கள் யாராவது வர்றாங்களான்னும் கேட்டுக்கோங்க, காட்டைப் பத்தி ஆயிரம் பயமுறுத்தறவங்க பஸ் ஸ்டாண்டையும் ஹோம்ஸ்டேயையும் பத்திப் பேசறதே இல்ல.

இப்ப தனியா போற ஏற்பாடு. வீட்டுக்காரம்மா கிட்ட சும்மா "மலைக்குப் போறேன்"னு சொன்னா பத்தாது, எழுதிக் குடுங்க. காலையில 4 மணிக்கு பூண்டியில ஏறறேன், போற வழியிலயேதான் திரும்பி வருவேன், நீலக்கலர் பை, சிவப்பு ஜெர்கின், சாயங்காலம் 4-க்குள்ள போன் பண்ணுவேன், 7 வரைக்கும் பண்ணலேன்னா 112-க்குக் கூப்பிடு, அடிவாரத்துல வனத்துறைக்கும் சொல்லு. இந்த மாதிரி. 4-க்கும் 7-க்கும் நடுவுல மூணு மணி நேரம் விட்டிருக்கறது சிக்னல் இல்லாத கேசுக்கு, இல்லேன்னா அவங்க பாவம் 4.05-க்கே அழ ஆரம்பிச்சிருவாங்க. நேரத்தை எப்படிக் கணக்குப் போடறதுன்னா, 1892-ல நெய்ஸ்மித்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரர் சொன்ன கணக்கு இன்னிக்கும் ஓடுது, 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு 600 மீட்டர் ஏத்தத்துக்கும் இன்னொரு மணி நேரம் கூட்டிக்கணும். அது நல்லா நடக்கற ஆளோட வேகம், நீங்க அதுல பாதியைக் கூட சேத்துக்கோங்க. கோயம்புத்தூர் பக்கம் நாம மலைக்குக் கிழக்க இருக்கோம், சூரியன் முகட்டுக்குப் பின்னாடி போயிரும், அதனால காலண்டர்ல போட்ட நேரத்துக்கு முன்னாடியே காட்டுக்குள்ள இருட்டிரும், டார்ச் ரெண்டு வேணும்.

போன்ல மேப்பை டவுன்லோட் பண்ணிட்டு ஃப்ளைட் மோட்ல போடுங்க, சிக்னல் தேடியே பேட்டரி செத்துரும். ஒரு விசில் வாங்கிக்கோங்க, விலை கம்மி, தொண்டை கட்டினாலும் அது கத்தும், நிமிஷத்துக்கு 6 தடவை ஊதி ஒரு நிமிஷம் விட்டு மறுபடி 6. யூடியூப்ல வெளிநாட்டு ஆளுங்க சேட்டிலைட் மெசெஞ்சர் காட்டுவாங்க, பட்டனை அமுக்கினா ஹெலிகாப்டர் வரும்னு. நம்ம நாட்டுல அனுமதி இல்லாம சேட்டிலைட் போனோ கார்மின் இன்ரீச் மாதிரி கருவியோ வச்சிருக்கறதே குற்றம், தெரியாம கொண்டு வந்த வெளிநாட்டுக்காரங்களை ஏர்போர்ட்லயே பிடிச்சிருக்காங்க. அதனால அவங்க தனியா போறதுக்கு சொல்ற அறிவுரைய அப்படியே எடுத்துக்காதீங்க, அந்தப் பட்டன் உங்க கிட்ட கிடையாது.

பாதைய விட்டு ஒதுங்கறப்ப கவனம். 2013-ல அமெரிக்காவுல அப்பலாச்சியன் பாதையில 66 வயசு அம்மா ஒருத்தங்க, கூட நடந்துக்கிட்டிருந்த தோழி வீட்டு அவசரத்துக்காக முன்னாடியே கிளம்பிட்டதால தனியா தொடர்ந்து நடந்தாங்க, ஒருநாள் பாத்ரூம் போக பாதைய விட்டு இறங்கினவங்க திரும்பி வழி கண்டுபிடிக்க முடியல. கணவருக்கு அனுப்பின மெசேஜ் எதுவும் சிக்னல் இல்லாம போய்ச் சேரல. கிட்டத்தட்ட நாலு வாரம் உயிரோட இருந்திருக்காங்கன்னு அவங்க எழுதி வச்ச நோட்டுல தெரிஞ்சுது, ரெண்டு வருஷம் கழிச்சுதான் உடம்பு கிடைச்சுது, பாதையில இருந்து ரொம்ப தூரம் கூட இல்ல. அதனால ஒதுங்கறப்ப கம்பைப் பாதையில குறுக்க போட்டுட்டுப் போங்க, பத்து இருபது அடிக்கு மேல போகாதீங்க. வழி தவறிருச்சுன்னு தோணின உடனே நில்லுங்க, வந்த வழியே திரும்பிப் பாருங்க, அதுவும் பிடிபடலேன்னா அங்கயே உக்காந்து விசில் ஊதுங்க.

யானை விஷயம் நிறைய பேர் தப்பா நினைக்கறாங்க, கூட்டமா இருந்தா யானை பயந்துரும்னு. பயப்படாது, கூட்டத்துல பயந்து ஓடறப்ப விழறவங்கதான் மாட்டுவாங்க. ஆவி பறக்கற யானைச் சாணம், புதுசா ஒடிச்ச மூங்கில் கண்ணுல பட்டா எத்தனை பேரா இருந்தாலும் சத்தமில்லாம திரும்பிருங்க. கரடிக்கு நேர் எதிர், அது திடீர்னு ஆளைப் பாத்தாதான் பாயும், வளைவுல திரும்பறப்ப பேச்சு சத்தம் இருக்கறது நல்லது, வாய் திறக்காம நடக்கணும்னு ஆசைப்படற நீங்க அந்த இடத்துல மட்டும் கம்பைத் தட்டிக்கிட்டே போங்க.

கேதார்காந்தா 12,500 அடி. அந்த உயரத்துல தலைவலி, வாந்தி வர்றது சகஜம், அதுவே முத்திப் போய் மூளையில நீர் கோத்துக்கிட்டா முதல்ல போறது புத்திதான். எனக்கு ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்கேன், மேல போறேன்னு சொல்லிக்கிட்டே தடுமாறுவீங்க, உங்களுக்கே தெரியாது. கூட இருக்கறவர் உங்களை குதிகாலோட விரல் சேத்து ஒரு நேர் கோட்டுல நடக்கச் சொல்வார், நடக்க முடியலேன்னா அன்னிக்கே, அது ராத்திரியா இருந்தாலும், கீழ இறக்கணும். இந்த டெஸ்டைத் தனக்குத்தானே யாரும் ஒழுங்கா பண்ணிக்க முடியாது. நேபாளத்துலயும் 2023 ஏப்ரல்ல இருந்து வெளிநாட்டுக்காரங்களுக்கு வழிகாட்டி கட்டாயம்னு விதி வந்தாச்சு. கேதார்காந்தாவுக்கு டீம் பாக்கறப்ப 3,000 மீட்டருக்கு மேல படுக்கற இடத்தோட உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல ஏத்தறாங்களான்னு அட்டவணையப் பாருங்க. ஏத்தினா கூட ஒரு நாள் சேத்துப் போடற டீமா தேடுங்க, காசு கொஞ்சம் ஜாஸ்தி ஆகும், ஆகட்டும்.