தக்காளி அடி கறுப்பதும் கடலை பொக்காவதும்: கால்சியம் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: தக்காளி காய்கள் எலுமிச்சை அளவு வந்ததும் அடிப்பக்கம் நீர் கோத்தாற்போல் ஆகி, பிறகு கறுத்துத் தோலாக உள்ளே குழிந்துவிடுகின்றன. இரண்டு முறை பூஞ்சாணக்கொல்லி அடித்தும் நிற்கவில்லை. மண் பரிசோதனையில் கால்சியம் நிறையவே இருப்பதாக எழுதியிருக்கிறார்கள். பிறகு ஏன் இப்படி?
- ஒட்டன்சத்திரம் வாசகர்

பதில்: இது கால்சியம் கிடைக்காததால் வரும் நுனி அழுகல். பூஞ்சாணக்கொல்லிக்குச் செய்த செலவு வீண்தான். கறுத்த இடத்தில் தெரியும் பூசணம் பிற்பாடு வந்து குடியேறுவது, அது காரணமில்லை.

மண்ணில் இருக்கிற கால்சியம் காய்க்கு ஏன் போகவில்லை என்பதுதான் விஷயம். வேர் உறிஞ்சும் தண்ணீரோடு சேர்ந்துதான் கால்சியம் மேலே ஏறும். தண்ணீரை அதிகம் ஆவியாக விடுவது இலை. காயின் தோல் வழியே ஆவியாவது மிகவும் குறைவு. அதனால் கால்சியத்தில் பெரும்பங்கு இலைக்கே போகிறது. இலையில் ஒருமுறை படிந்த கால்சியம், தழைச்சத்து போலத் திரும்பி இறங்கி வராது. செடியின் பழைய இலையில் கால்சியம் குவிந்து கிடக்க, காம்பிலிருந்து தொலைவில் இருக்கும் காயின் அடிப்பக்கம் கால்சியம் இல்லாமல் தவிக்கிறது. பிஞ்சு பிடித்த முதல் இரண்டு மூன்று வாரங்களில்தான் காய்க்குத் தேவையான கால்சியத்தின் பெரும்பகுதி உள்ளே போகும். நீங்கள் இன்று பார்க்கும் கறுப்பு, பிஞ்சுப் பருவத்தில் விழுந்த அடி.

முதலில் தண்ணீரைச் சீராக்குங்கள். ஐந்து நாள் காயவிட்டு ஆறாவது நாள் வரப்பு முட்டப் பாய்ச்சுவதுதான் இந்தக் கோளாறுக்கு முதல் காரணம். சொட்டுநீர் இருந்தால் தினமும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் கொஞ்சமாகக் கொடுங்கள். செடியோரம் ஒரு சாண் ஆழம் தோண்டி மண்ணைப் பிடித்தால் உருண்டை பிடிக்க வேண்டும், கையில் நீர் கசியக் கூடாது. மூடாக்கு போட்டால் பாதி வேலை முடிந்தது.

அடுத்து மேலுரம். யூரியா, அம்மோனியம் சல்பேட், பொட்டாஷ் ஆகியவற்றைக் காய்ப் பருவத்தில் ஒரேயடியாகக் கொட்டினால் அம்மோனியமும் பொட்டாசியமும் வேர் வாசலில் கால்சியத்தோடு போட்டி போடும். செடியும் இலையாகத் தழைத்து, இருக்கிற கால்சியத்தையும் இழுத்துக்கொள்ளும். மேலுரத் தழைச்சத்தில் ஒரு பகுதியைக் கால்சியம் நைட்ரேட்டாக மாற்றுங்கள். அதில் 15.5 சதவீதம் தழைச்சத்தும் சுமார் 19 சதவீதம் கால்சியமும் உண்டு.

தெளிப்பு கடைசித் துணைதான். ஒரு லிட்டர் நீருக்கு 5 கிராம் கால்சியம் குளோரைடு, அதாவது 10 லிட்டர் டேங்குக்கு 50 கிராம், வாரம் ஒருமுறையாக மூன்று தடவை, வெயில் தாழ்ந்த பிறகு. பட்டாணி அளவிலிருந்து நெல்லிக்காய் அளவு வரையுள்ள பிஞ்சுகள் மேல் படும்படி அடிக்க வேண்டும். இலையில் மட்டும் பட்டால் அது காய்க்கு வராது. அளவைக் கூட்டினால் இலை ஓரம் கருகும். கறுத்த காய்கள் இனித் தேறாது, பறித்துப் போட்டுவிடுங்கள்.

கேள்வி: மணற்பாங்கான செம்மண்ணில் நிலக்கடலை. கொடி செழிப்பாக இருக்கிறது, பறித்தால் பாதி பொக்கு, உள்ளே பருப்பில்லை. விதைக்கும்போதே ஜிப்சம் போட்டேனே?
- திண்டிவனம் வாசகர்

பதில்: ஜிப்சம் என்பது கால்சியம் சல்பேட். அதைப் போட்டது சரி, போட்ட நேரம்தான் பிசகு. கடலைக் காய் மண்ணுக்குள் இருப்பதால் அதிலிருந்து நீர் ஆவியாவது அறவே இல்லை என்றே சொல்லலாம். வேர் எடுத்த கால்சியம் நேரே கொடிக்கும் இலைக்கும் ஏறிவிடும், திரும்பிக் காய்க்கு இறங்காது. கொடி பச்சைப்பசேல் என்று இருந்தும் காய் பொக்காவதற்கு இதுதான் காரணம். பூவிலிருந்து மண்ணுக்குள் இறங்கும் விழுதும் இளங்காயும் தம்மைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து தோல் வழியாகவே கால்சியத்தை எடுத்துக்கொள்கின்றன. ஆகவே காய் உருவாகும் காலத்தில், மேல் மூன்று அங்குல மண்ணில் கரைந்த நிலையில் கால்சியம் இருந்தாக வேண்டும். உங்கள் மணல் நிலத்தில் விதைப்பின்போது இட்ட ஜிப்சத்தின் ஒரு பகுதியைப் பாசன நீரும் மழையும் கீழே இறக்கியிருக்கும்.

ஜிப்சம் எக்டேருக்கு 400 கிலோ, அதாவது ஏக்கருக்கு 160 கிலோ. இறவையில் விதைத்த 40 - 45ஆம் நாள், மானாவாரியில் மண் ஈரத்தைப் பார்த்து 40 முதல் 75 நாளுக்குள். செடி வரிசையின் ஓரமாகத் தூவி, கொத்திக் கிளறி, மண் அணைத்து, தண்ணீர் விடுங்கள். காய்ந்த மண்ணில் தூவிவிட்டுப் போனால் அது அப்படியே கிடக்கும். மண் அணைத்த பிறகு களைக்கொத்தை நிலத்தில் இறக்காதீர்கள், இறங்கிய விழுதுகள் அறுந்துபோகும்.

விதைக்கு எடுத்து வைத்திருந்தால் பத்துப் பருப்பைப் பிளந்து பாருங்கள். உள்ளே முளைக்குருத்து கறுத்திருந்தால் அதுவும் கால்சியக் குறையே. முளைப்பு சரியாக இருக்காது, எண்ணெய்க்கு அனுப்பிவிடலாம்.

ஒரு விலக்கு உண்டு. மண்ணில் ஏற்கெனவே சுண்ணாம்பு மிகுந்திருந்தால் ஜிப்சம் வேண்டாம். சமையலறை வினிகரைக் காய்ந்த மண்கட்டி மேல் சொட்டினால் நுரைத்துக் கொப்பளிக்கிறதா? அது சுண்ணாம்பு மண். அங்கே கடலை வெளிறி மஞ்சளாவது பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவால். அதற்கு 1 சத அன்னபேதி உப்புடன் (இரும்பு சல்பேட்) 0.1 சத சிட்ரிக் அமிலம் சேர்த்துத் தெளிக்க வேண்டும்.

கேள்வி: மாடித் தோட்டத் தொட்டிகளுக்கு முட்டை ஓட்டை நொறுக்கிப் போடுகிறேன். மிளகாய்க்கும் தக்காளிக்கும் போதுமா? வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றலாமா?
- சென்னை வாசகி

பதில்: முட்டை ஓட்டில் 95 சதவீதம் கால்சியம் கார்பனேட். அமிலம் இருந்தால்தான் அது கரையும். காரத்தன்மையுள்ள மண்கலவையில் நொறுக்கிய ஓடு அடுத்த வருஷமும் ஓடாகவே கிடக்கும். மிக்ஸியில் மாவாக அரைத்தால் கொஞ்சம் பரவாயில்லை.

வேகமாக வேண்டுமானால் வினிகரில் கரையுங்கள். கழுவிக் காயவைத்து அரைத்த ஓட்டுத்தூள் 40 கிராமை, 5 சத வினிகர் ஒரு லிட்டரில் சிறிது சிறிதாகப் போடுங்கள். மொத்தமாகக் கொட்டினால் பொங்கி வழியும். மூடியை இறுக்கவே கூடாது, வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கும். ஓரிரு நாளில் கொப்புளம் அடங்கியதும் வடிகட்டி, ஒரு லிட்டர் நீருக்கு 20 மில்லி கலந்து பிஞ்சுகள் மேல் தெளியுங்கள். நுரை அடங்கிய பிறகும் புளித்த வாடை தூக்கலாக இருந்தால் அமிலம் மிச்சம் என்று பொருள், இன்னும் கொஞ்சம் தூள் சேருங்கள்.

வெற்றிலைச் சுண்ணாம்பு வேண்டாம். அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஹெச் அளவில் அதன் தெளிநீரே 12க்கு மேல், அதாவது கடுங்காரம். சிறு தொட்டியில் வேர் வெந்துபோகும்.

மாடித் தோட்டக்காரர்கள் கவனிக்காத இன்னொன்று தென்னைநார்க் கழிவு. அதில் பொட்டாசியமும் சோடியமும் ஒட்டியிருக்கும். நீங்கள் கொடுக்கும் கால்சியத்தை அது பிடித்துக்கொண்டு அவற்றை வெளியே விடும். 5 கிலோ கட்டியை முதலில் நல்ல நீரில் ஊறவைத்து வடித்துவிட்டு, 25 லிட்டர் நீரில் 100 கிராம் கால்சியம் நைட்ரேட்டைக் கரைத்து ஓரிரவு ஊறவையுங்கள். வடித்து, இன்னொரு முறை அலசிய பிறகு கலவையில் சேர்க்கலாம்.

கேள்வி: சொட்டுநீர் உரத் தொட்டியில் கால்சியம் நைட்ரேட் கலந்ததும் பால்போல் வெளுத்தது. இப்போது டிரிப்பர்கள் அடைத்துக்கொண்டன.
- ஓசூர் வாசகர்

பதில்: அதே தொட்டியில் மோனோ அம்மோனியம் பாஸ்பேட்டோ, மக்னீசியம் சல்பேட்டோ, சல்பேட் பொட்டாஷோ இருந்திருக்கும். பாஸ்பேட்டோடு சேர்ந்தால் கால்சியம் பாஸ்பேட், சல்பேட்டோடு சேர்ந்தால் ஜிப்சம், இரண்டும் வெள்ளை வண்டலாகப் படியும். கால்சியம் நைட்ரேட்டைத் தனி நாளில் தனியாக விடுங்கள், முன்னும் பின்னும் வெறும் தண்ணீர் ஓடட்டும். சந்தேகம் வந்தால் ஒரு கண்ணாடி பாட்டிலில் அதே விகிதத்தில் கலந்து அரைமணி நேரம் வைத்துப் பாருங்கள்.

பாஸ்பேட் அடைப்பும் கிணற்று நீரின் கார்பனேட் அடைப்பும் அமிலத்துக்குக் கரையும். கடைசி டிரிப்பரில் பிஹெச் 4 காட்டும்வரை ஹைட்ரோகுளோரிக் அமிலம் செலுத்தி, 24 மணி நேரம் நிறுத்தி, குழாய் முனைகளைத் திறந்து கழுவுங்கள். தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை அல்ல. ஜிப்சம் அடைப்பு அமிலத்துக்கும் எளிதில் அசையாது, அந்த டிரிப்பர்களை மாற்றிவிடுவதே மிச்சம்.

கேள்வி: நெல் வயலில் வெள்ளை பூத்திருக்கிறது. ஜிப்சம் போடச் சொல்கிறார்கள். எவ்வளவு?
- மணிகண்டம் வாசகர்

பதில்: போடுமுன் உவரா, களரா என்று தெரிய வேண்டும். உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் (EC) 4 dS/m-க்கு மேல், பிஹெச் 8.5க்குக் கீழ் என்றால் உவர். அதற்கு ஜிப்சம் பயனில்லை, நல்ல தண்ணீர் கட்டி உப்பை வடித்தால் போதும். பிஹெச் 8.5க்கு மேல், மண்ணில் ஒட்டிய சோடியம் 15 சதவீதத்துக்கு மேல் என்றால் களர். இங்கேதான் ஜிப்சத்துக்கு வேலை. அதன் கால்சியம் சோடியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடிக்கும், சோடியம் சல்பேட்டாகக் கரைந்து நீரோடு வெளியேறும்.

எவ்வளவு என்பதை மண்வள அட்டை சொல்லாது. அதன் 12 அளவீடுகளில் கால்சியமும் இல்லை, சோடியமும் இல்லை. ஆய்வகத்தில் 'ஜிப்சம் தேவை' என்று கேட்டு வாங்குங்கள். வந்த அளவில் பாதியைப் போட்டால் நெல்லுக்குப் போதும். வயலைச் சமன்படுத்தி, வடிகால் வெட்டி, சேற்றுழவில் ஜிப்சத்தைச் சீராகத் தூவி, இரண்டு நாள் தண்ணீர் கட்டி, முழுதாக வடியுங்கள். பிறகும் நல்ல நீர் கட்டி வடிக்க வேண்டும். வடிகால் இல்லாத வயலில் இந்தச் செலவைச் செய்யாதீர்கள், சோடியம் போக வழியில்லாமல் அங்கேயே நிற்கும். அடுத்து பசுந்தாள் உரத்துக்காக எக்டேருக்கு 50 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் சமயத்தில் மடக்கி உழுங்கள். நடவுக்குக் களரைத் தாங்கும் திருச்சி 1 அல்லது திருச்சி 3 நெல் ரகம்.