காத்தா, தண்ணியா?

கேள்வி: அண்ணா, காத்துல கூலாகுற பழைய போர்ஷே 911 ஸ்போர்ட்ஸ் கார்தான் ஒரிஜினல், தண்ணியில கூலாகுற இன்ஜின் வந்த அப்புறம் வெறும் பேருதான்னு என் ஃப்ரெண்டு அடிச்சு சொல்றான். பழைய கூபே (கூரை வெச்ச ரெண்டு கதவு மாடல்), இப்ப வர்ற கூபே, ரெண்டுல எது உசத்தி?
- ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: தம்பி, திருவொற்றியூர் ஃபேக்டரியிலேர்ந்து புல்லட் வெளிய வர்றத பாத்து வளந்த நம்மாளுங்களுக்கு காத்துல கூலாகுற இன்ஜின்னா ஒரு பாசம் இருக்கத்தான் செய்யும், எனக்கும் உண்டு. ஆனா உங்க ஃப்ரெண்டு சொல்ற காரணத்த நான் ஒத்துக்க மாட்டேன். 1963-ல ஃபிராங்ஃபர்ட் கார் ஷோல காட்டுனப்போ அந்த வண்டி பேரு 901, நடுவுல சைபர் வர்ற பேரு எங்களுதுன்னு பிரெஞ்சு கார் கம்பெனி பெஜோ சொன்னதால 911 ஆச்சு. அதுலேர்ந்து 1998 வரைக்கும் ஃபேன் காத்தும் ஆயிலும்தான் சூட்ட எறக்குச்சு. சிலிண்டருக்கு நாலு வால்வு வெச்சா இன்ஜின் மேல்மூடியான ஹெட்டுல சூடு ஏறும், வெறும் காத்த வெச்சு சமாளிக்கிறது கஷ்டம், புகை ரூலு சத்தம் ரூலு வேற வருஷா வருஷம் இறுகிட்டே போச்சு, அதனால தண்ணிக்கு மாறுனது சரியான முடிவு.

நெஜமா எழந்தது அளவுலயும் எடையிலயும்தான். முதல் 911 அகலம் 1610 மில்லிமீட்டர், எடை 1080 கிலோ. 2019-ல வந்த 992-ங்குற தலைமுறை 911 கரேரா 1852 மில்லிமீட்டர், 1505 கிலோ. எம்.சி. ரோட்டுல துணிக்கடை கூட்டத்துக்கு நடுவுல ஒரு ஜாண் அகலம் கூடுனா என்ன ஆகும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா! 130 பிஎஸ் (குதிரைசக்தி) பவர் 385 ஆயிடுச்சு, 100 கிலோமீட்டர் வேகத்த தொட ஒம்பது செகண்ட் கிட்ட எடுத்தது அந்த 992-ல 4.2 செகண்ட்ல முடியுது, அதுல புதுசுதான் உசத்தி, பேச்சே இல்ல. ஆனா அந்த முதல் 911-ல பவர் ஸ்டீயரிங் கெடையாது, ரோட்டுல இருக்குற சின்ன கல்லு கூட கையில தெரியும், இப்ப மோட்டார் வெச்ச ஸ்டீயரிங், எவ்ளோ நல்லா செஞ்சிருந்தாலும் அந்த பேச்சு கொஞ்சம் கம்மிதான்.

பழசு ஆபத்தானதும் கூட. இன்ஜின் பின்சக்கரத்துக்கும் பின்னாடி தொங்குது, வளைவுல பயந்து ஆக்சிலேட்டர விட்டா பின்பக்கம் வீசிடும். அதுக்காகவே 1969 மாடல்ல பின்சக்கரத்த 57 மில்லிமீட்டர் பின்னுக்கு தள்ளுனாங்க. இன்ஜின முன்னாடி கொண்டு வந்திருந்தா வேலை சுலபம், ஆனா அத அதே இடத்துல வெச்சே இத்தனை வருஷமா திருத்தி திருத்தி இன்னைக்கு யாரு வேணா நம்பி ஓட்டுற வண்டியா ஆக்கிட்டாங்க, அந்த பிடிவாதம்தான் எனக்கு 911. அது ரெண்டு வண்டியிலயும் இருக்கு. கையில சாவி குடுத்து சோழவரம் ரேஸ் நடந்த காலத்துக்கு அனுப்புனா நான் பழசத்தான் எடுப்பேன்.

கேள்வி: பழசு ஒண்ணு கெடச்சா காசிமேட்டுல வெச்சு காப்பாத்த முடியுமா?
- ஒரு வாசகி, ராயபுரம்

பதில்: 1976 மாடலுக்கு முன்னாடியா பின்னாடியான்னு மொதல்ல பாருங்கம்மா. அந்த மாடல்லேர்ந்துதான் பாடி தகடு பூரா துத்தநாகம் பூசி வந்துச்சு. அதுக்கு முந்தினதுன்னா நம்ம உப்புக்காத்து அடியிலேர்ந்து தின்னுட்டு வரும், ஃப்ளோர் தகட்ட தட்டிப் பாக்காம வாங்காதீங்க. நல்ல தண்ணியில அடிப்பக்கத்த அடிக்கடி கழுவி காய விடுங்க. ஈரத்தோட கவர் மட்டும் போட்டு மூடிடாதீங்க.