மாநாடு எந்த ஊரில்?

கேள்வி: எங்கள் கணக்காளர் சங்கத்தின் வருடாந்திர மாநாடு எந்த ஊரில் என்பதை ஒரு மாதம் இருக்கும்போதுதான் சொல்கிறார்கள். முன்பே சொன்னால் என்ன குறைந்துவிடும்?
- வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: ஒன்றும் குறையாது. எங்கள் ஊர், உங்கள் ஊர் என்று கிளம்பும் சண்டைக்குப் பயந்து தள்ளிப்போடுகிறார்கள், அவ்வளவுதான். உலகக் கணித மாநாட்டுக்காரர்கள் 2026-க்கு பிலடெல்பியா என்று 2022-லேயே முடிவு செய்துவிட்டார்கள். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறந்துவிடுகிறது, நீங்கள் ஒரு மாதம் இருக்கும்போது போனால் நெல்லை எக்ஸ்பிரஸில் வெயிட்டிங் லிஸ்ட்தான். மண்டபமும் அப்படித்தான், வண்ணாரப்பேட்டையில் தை முகூர்த்த நாளைக் கடைசி நேரத்தில் கேட்டால் மேனேஜர் டைரியைப் புரட்டிவிட்டு உதட்டைப் பிதுக்குவார். இந்த மாநாட்டு மேடையிலேயே அடுத்த வருட ஊரையும் தேதியையும் அறிவிக்கச் சொல்லி பொதுக்குழுவில் தீர்மானம் கொண்டுவாருங்கள். அப்புறம், நம்ம வடசென்னைதான் என்று முடிவானால் நவம்பர் மட்டும் வேண்டாம், சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் பேச்சாளரே வந்து சேரமாட்டார்.