பயனீட்டாளர் கேள்வி-பதில்: சாவிக்கொத்து வேண்டாம், வேறென்ன வாங்கலாம்?

பள்ளி விடுமுறை நெருங்கினால் போதும், எனக்கு வரும் கேள்விகள் எல்லாம் பயணப் பெட்டியைச் சுற்றியே இருக்கும். ஊரிலிருந்து வந்தவர்களுக்கு என்ன வாங்கிக் கொடுத்து அனுப்புவது, வாங்கியது அசலா போலியா, ஏமாந்துவிட்டால் எங்கே போய்ச் சொல்வது. இந்த முறை அவற்றில் சிலவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அக்கா, தஞ்சாவூரிலிருந்து என் நாத்தனார் குடும்பம் பத்து நாள் பினாங்குக்கு வருகிறார்கள். திரும்பும்போது சொந்தக்காரர் வீடு பத்துப் பதினைந்துக்குக் கொடுக்க, "மலேசியா போனதுக்கு ஞாபகமா" ஏதாவது வேண்டுமாம். கோடாலித் தைலம், மைலோ, இரட்டைக் கோபுரச் சாவிக்கொத்து தவிர எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வீட்டுக்கு முப்பது வெள்ளிக்குள் (ரிங்கிட்) முடியுமா? (வாசகி, பட்டர்வொர்த்)

பதில்: முடியும் தங்கச்சி. முதலில் என் சாவிக்கொத்துக் கதையைக் கேள். நான் முதன்முதலாகப் புதுக்கோட்டைக்குப் போனபோது, பத்து வெள்ளிக்கு ஐந்து என்று அள்ளிக்கொண்டு போனேன். அத்தை வீட்டுக்கு மட்டும் ஒன்பது. பல வருடம் கழித்து அதே வீட்டில் ஊறுகாய்க் கரண்டி தேடி அலமாரியைத் திறந்தால், ஒன்பதும் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் ஒரு மூலையில் கிடக்கின்றன. பக்கத்திலேயே நான் அன்று கொண்டுபோன மைலோ டப்பா, நிறைய உளுத்தம்பருப்போடு, விரல் பட்டுப் பட்டுப் பச்சைச் சாயம் உரிந்து நிற்கிறது. "இது நீ கொண்டாந்ததுதான்" என்று அத்தை காட்டியது டப்பாவைத்தான். அன்றிலிருந்து நான் பார்ப்பது இரண்டே: கொடுத்த வீட்டில் அது கைபடுமா? இந்த ஊரை விட்டால் வேறெங்கும் லேசில் கிடைக்காதா?

கோடாலித் தைலம் சிங்கப்பூர்ச் சரக்கு. புலித் தைலமும் அப்படித்தான். இரண்டையும் தஞ்சாவூரில் உட்கார்ந்தபடியே தருவித்துக்கொள்ளலாம். கட்டம் போட்ட கைலி வாங்கலாமே என்பாய். மலாய்க்காரர்கள் அதைக் காயின் பெலிக்காட் என்பார்கள். அந்தப் பெலிக்காட் வேறெதுவும் இல்லை, சென்னைக்கு வடக்கே இருக்கும் பழவேற்காடுதான். வெள்ளைக்காரன் வாயில் புலிகாட் ஆகி, இங்கே வந்து பெலிக்காட் ஆனது. அதைத் தமிழ்நாட்டுக்கே திருப்பி அனுப்புவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை.

பினாங்குக்கு என்றே இருப்பது ஜாதிக்காய். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் மொலுக்காஸ் தீவுகளிலிருந்து கொண்டுவந்து இங்கே நட்டது. இன்றும் பாலிக் பூலாவ் பக்கம் தோப்புகள் இருக்கின்றன. நம் ஊரில் கொட்டையைப் பிள்ளைக்கு உரைக்கவும் பத்திரியைப் பிரியாணியில் போடவும் வைத்துக்கொண்டு, சதையை யாரும் பெரிதாகச் சட்டை செய்வதில்லை. இங்கே அந்தச் சதைக்குத்தான் மவுசு. சீவிச் சர்க்கரையில் ஊறவைத்தது, வெயிலில் காயவைத்தது, உப்பும் புளிப்புமாக ஊறியது என்று சௌரஸ்தா சந்தையில் கண்ணாடிச் சாடி சாடியாக நிற்கும். சுவைத்துப் பார்த்து வாங்கலாம். ஒன்று மட்டும் கவனி: அட்டையில் எழுதியிருக்கும் விலை கிலோவுக்கா, 100 கிராமுக்கா என்று கேட்டபிறகு எடைபோடச் சொல். பயணத்துக்குக் காய்ந்த வகைதான் நல்லது. பாகில் ஊறியது கசிந்தால் நாத்தனாரின் பட்டுப்புடவை போச்சு.

அடுத்தது தேயிலை. கேமரன் மலைத் தேயிலையில் "போ" (BOH) என்ற தோட்டம் 1929இல் தொடங்கியது. அந்தச் சரிவுகளில் கூடை சுமந்தவர்கள் நம் ஆட்கள் என்பதை நாத்தனாருக்கு எடுத்துச் சொல். தஞ்சாவூர்க்காரர்களுக்குப் பை போட்ட தேயிலை பிடிக்காது, உதிரித் தூளாகவே வாங்கு. தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்), வெள்ளைக் காப்பி என்று வரும் கலவைப் பொட்டலங்களை வாங்குமுன் பின்பக்கத்தைப் படித்துப் பார். எது அதிக எடையோ அதுதான் பட்டியலில் முதலில் வரும். பலவற்றில் சர்க்கரையும் பால்மாவும்தான் முன்னால் நிற்கும், காப்பியைக் கீழே தேடவேண்டும். சர்க்கரை நோயாளி இருக்கும் வீட்டுக்கு அது வேண்டாமே.

பெரியவர்கள் இருக்கும் வீடு ஒன்றோ இரண்டோ இருக்கும் அல்லவா? அங்கே கொஞ்சம் கூடுதலாகச் செலவழித்துச் சொங்காக் பலகை வாங்கிக் கொடு. நம் பல்லாங்குழியின் மலாய்ப் பங்காளி அது. பெரும்பாலும் ஒரு பக்கத்துக்கு ஏழு குழி, இரண்டு முனையிலும் ஒவ்வொரு பெரிய குழி. அந்தப் பெரிய குழியை ரூமா, அதாவது வீடு என்பார்கள். நம் பலகைகளில் பெரும்பாலும் அந்த வீடு இருக்காது. ஆட்டமும் கொஞ்சம் மாறும், போகிற போக்கில் உன் வீட்டுக்கு ஒரு காய் போட்டுக்கொண்டே போகவேண்டும். பாட்டியும் பேத்தியும் "எங்க ஆட்டத்துல இப்படி இல்லையே" என்று ஒரு மணி நேரம் சண்டை போடுவார்கள், அதற்கே கொடுக்கலாம். வாங்கும்போது மூன்று விரலைக் குழிக்குள் விட்டுப் பார். அலங்காரத்துக்கென்று செய்த குட்டிப் பலகைகளில் விரல் நுழையாது, காயை அள்ள முடியாது. குழியின் அடியில் சிலாம்பு இருந்தால் அதையும் ஒதுக்கு.

கேள்வி: கோலாலம்பூரில் ஒரு கடையில் "கையால் வரைந்த பாத்தேக்" என்று சொல்லி 180 வெள்ளிக்குச் சட்டைத்துணி கொடுத்தார்கள். சென்னை நண்பருக்குக் கொடுக்க வாங்கினேன். வீட்டுக்கு வந்து திருப்பிப் பார்த்தால் உள்பக்கம் வெளிறிக் கிடக்கிறது. இது கை வேலையா? (வாசகர், செந்தூல்)

பதில்: இல்லை தம்பி. நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். அது அச்சு.

பாத்தேக் என்றாலே மெழுகு வைத்துச் சாயம் ஏற்றிய துணி. கை வேலையில் சாந்திங் என்று ஒரு கருவி. கைப்பிடியின் நுனியில் சின்னச் செம்புக் கிண்ணம், அதற்கு எறும்புக்கால் மாதிரி ஒரு மூக்கு. உருக்கிய மெழுகை அதில் மொண்டு, இழுத்துக் கட்டிய துணியில் கோடு இழுப்பார்கள். கோட்டுக்குள் தூரிகையால் சாயம் தீட்டி, கடைசியில் கொதிநீரில் மெழுகை எடுத்துவிடுவார்கள். மெழுகு நின்ற இடம் வெளிர்க் கோடாகத் தங்கும். மெழுகும் சாயமும் துணியை ஊடுருவிப் போவதால் எது வெளிப்பக்கம், எது உள்பக்கம் என்றே தெரியாது. இதுதான் முதல் சோதனை.

இரண்டாவது, ஒரே பூவை இரண்டு இடத்தில் தேடுங்கள். கையால் வரைந்ததில் இரண்டு பூ ஒன்றுபோல இருக்காது; ஒன்றின் காம்பு கொஞ்சம் தடித்திருக்கும், கிண்ணத்தைத் தூக்கிய இடத்தில் சொட்டு விழுந்திருக்கும். செம்பு அச்சுக்கட்டையில் மெழுகு தொட்டு ஒற்றியது இன்னொரு வகை. அதில் உரு திரும்பத் திரும்ப வரும், ஆனால் கட்டையும் கட்டையும் சேரும் இடத்தில் மயிரிழை விலகல் தெரியும். அதுவும் அசல் பாத்தேக்தான், விலை மட்டும் குறையவேண்டும். இயந்திர அச்சில் பிசிறே இருக்காது, திருப்பினால் வெளிறும். நான்கூட ஒருமுறை இப்படி மாட்டியிருக்கிறேன். கடைக்காரர் மெழுகு வாசம் வருகிறது பாருங்கள் என்று மூக்கிடம் நீட்டினார், நானும் முகர்ந்துவிட்டுத் தலையாட்டினேன். திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லை. மதுரைச் சுங்குடியில் முடிச்சுச் சுருக்கத்தைத் தடவிப் பார்த்து வாங்கத் தெரிந்தவளுக்கு இங்கே புத்தி வேலை செய்யவில்லை.

அச்சுத் துணி மோசம் என்று சொல்லவில்லை. அச்சு விலைக்குக் கொடுத்தால் தாராளமாக வாங்கலாம். கை வேலைதான் வேண்டுமென்றால், ஜாலான் கொன்லேயில் இருக்கும் கைவினை வளாகத்துக்குப் போய் வரைவதைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். பினாங்கில் தெலுக் பகாங் பக்கம் பட்டறைகள் உண்டு. கோலாலம்பூரிலேயே பாசார் செனியிலும் நல்ல கடைகள் இருக்கின்றன. 1888இல் மீனும் காய்கறியும் விற்கத் தொடங்கிய சந்தை அது, இன்று நிற்கும் கட்டடம் 1937இல் கட்டியது. ஆனால் பழைய கட்டடத்துக்குள் விற்பதெல்லாம் உள்ளூர்க் கைவேலை என்று நினைத்துவிட வேண்டாம். அங்கேயும் ஒரே கொள்கலனில் வந்திறங்கிய சரக்கு உண்டு.

உங்கள் 180 வெள்ளிக்கு: ரசீதில் "கையால் வரைந்தது" என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் உங்கள் பக்கம் பலம். இல்லையென்றாலும் கடைக்குப் போய்க் கேளுங்கள். மசியவில்லையென்றால் கீழே கிள்ளான் வாசகருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

கேள்வி: மாமியாருக்குப் பியூட்டர் சொம்பு வாங்கிப் போகலாமென்று இருக்கிறேன். அதில் ரசம் வைக்கலாமா? (வாசகி, பிரிக்பீல்ட்ஸ்)

பதில்: கும்பகோணத்து ஈயச்சொம்பு நினைவுக்கு வந்துவிட்டதோ? அவசரப்படாதீர்கள். உறவு என்னவோ நெருங்கிய உறவுதான். நல்ல பியூட்டரில் 97 விழுக்காடு வரை வெள்ளீயம், மிச்சம் கொஞ்சம் செம்பும் ஆன்டிமனியும். இந்த ஊரே ஈயத்தால் உண்டானது. 1857இல் ஈயம் தோண்ட வந்த கூட்டம் உண்டாக்கியதுதான் கோலாலம்பூர். 1885இல் சீனாவிலிருந்து வந்த யோங் கூன் ஈயப் பட்டறை போட்டார், அதுதான் இன்றைய ராயல் சிலாங்கூர். செத்தாப்பாக்கில் அவர்கள் தொழிற்கூடத்தைச் சுற்றிப் பார்க்கலாம்.

ஆனால் வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். ஈயச்சொம்பில் புளித்தண்ணீரை ஊற்றிய பிறகே அடுப்பில் ஏற்றுவார்கள் என்பது மாமியாருக்குத் தெரிந்ததுதான். பியூட்டரை அந்தப் பழக்கத்தோடும் ஏற்றவேண்டாம். அது பரிமாறவும் குடிக்கவும் செய்தது, அடுப்புக்குச் செய்தது அல்ல. தண்ணீர்க் குவளையாகவோ பூஜை அறையில் பன்னீர் வைக்கவோ கொடுங்கள். வாங்கும்போது அடியில் தயாரித்தவர் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். தெருக்கடையில் பியூட்டர் என்று சொல்லி விற்பது துத்தநாகக் கலவையாகவும் இருக்கலாம். வாய்வைத்துக் குடிக்கும் பொருளில் எதற்கு வம்பு?

கேள்வி: கண்ணாடிச் சட்டத்துக்குள் பச்சையும் கறுப்புமாக ஒரு பெரிய வண்ணத்துப்பூச்சி, 60 வெள்ளி. பேரனுக்கு இந்தியாவுக்கு எடுத்துப்போகலாமா? (வாசகர், ஆயர் ஈத்தாம்)

பதில்: வேண்டாம் ஐயா. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ராஜா புரூக்காக இருக்கும், மலேசியாவின் தேசிய வண்ணத்துப்பூச்சி. அனைத்துலக வனவுயிர் வணிக ஒப்பந்தத்தின் பட்டியலில் இருப்பது, அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லை தாண்டக்கூடாது. கடைக்காரர் "ஒன்னும் ஆகாது" என்பார். சுங்கத்தில் நிற்கப்போவது நீங்கள். பவளத்துக்கும் இதே பதில்.

கேள்வி: கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் 916 தங்கம் வாங்கிப் போனால் லாபமா? வரியைத் திரும்பப் பெறலாம் என்கிறார்களே? (வாசகி, சென்னையிலிருந்து சுற்றுலா வந்தவர்)

பதில்: மலேசியாவில் சரக்கு சேவை வரி இருந்த காலத்தில் சுற்றுப்பயணிகளுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த வரி 2018இல் போனது, அதோடு அதுவும் போனது. இந்தியச் சுங்கத்தில் நகைச் சலுகை, பெண்ணுக்கு 40 கிராம், ஆணுக்கு 20 கிராம் என்பது, ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் தங்கித் திரும்புகிறவர்களுக்குத்தான். பத்து நாள் சுற்றுலாவுக்கு அந்தக் கணக்கு ஓடாது. செய்கூலியையும் வரியையும் கூட்டிப் பார்த்தால் தி.நகரிலேயே வாங்கியிருக்கலாம் என்று தோன்றும்.

கேள்வி: சீனாவில் செய்த பொருளை உள்ளூர் என்று விற்றார்கள். திருப்பிக் கொடுத்தால் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று ஒட்டியிருப்பதைக் காட்டுகிறார்கள். ஒன்றும் செய்ய முடியாதா? (வாசகர், கிள்ளான்)

பதில்: அந்தத் தாள் சட்டத்துக்கு மேல் இல்லை. பொய் சொல்லி விற்றாலோ பொருள் பழுதாக இருந்தாலோ, 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தரும் உரிமையை ஒரு அறிவிப்பு ஒட்டிப் பறிக்க முடியாது. நிறம் பிடிக்கவில்லை, மனம் மாறிவிட்டது என்றால் மட்டும் கடைக்காரர் விருப்பம்.

பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி மனுக் கொடுக்கலாம், 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை. ஆனால் விசாரணைக்கு ஆள் வரவேண்டும். ஊர் திரும்பும் விருந்தாளி வாங்கியிருந்தால் இங்கேயே சிக்கல். அதனால்தான் சொல்கிறேன், விலை உயர்ந்ததை உங்கள் பெயரில் நீங்களே வாங்கி, ரசீதையும் வைத்துக்கொண்டு, பொருளை மட்டும் அவர்கள் பெட்டியில் வையுங்கள். ரசீதில் வெறுமனே "துணி", "பொம்மை" என்று எழுதவிடாதீர்கள். கடையில் வாயால் சொன்னதை எழுதித் தரச் சொல்லுங்கள். உண்மையான சரக்கு வைத்திருப்பவர் தயங்கமாட்டார்.

கேள்வி: பெட்டியில் பெலாச்சானும் (இறால் விழுது) சம்பாலும் (மிளகாய் விழுது) தாவ் சார் பியாவும் (பயற்றுப் பூரணம் வைத்த பிஸ்கட்) வைக்கலாமா? (அதே பட்டர்வொர்த் வாசகி)

பதில்: சம்பால் பாட்டில் 100 மில்லிக்கு மேல் இருந்தால் கைப்பையில் விடமாட்டார்கள், பெரிய பெட்டியில் போடு. பெலாச்சானை மூன்று உறை போட்டுக் கட்டு, அப்படியும் வாசம் வரும். தாவ் சார் பியாவின் மேல்மாவில் சில கடைகளில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பதுண்டு. சைவக்காரர் வீட்டுக்கு என்றால் கேட்டு வாங்கு, அதை மட்டும் கைப்பையிலேயே வைத்துக்கொள். பெரிய பெட்டியில் போட்டால் தஞ்சாவூர் போய்ச் சேர்வது தூள்தான்.