வெளிறி நீர் விடும் பன்றி இறைச்சி: தீவனத்தை மாற்றும் முன்

வணக்கம். பன்றிகளை வண்டியிலிருந்து இறக்கிய கையோடு அறுக்கிறீர்கள், இறைச்சி வெளிறித் தொளதொளவென்று நீர் விடுகிறது, தீவனக் கோளாறா என்று கேட்டிருந்தீர்கள். நான் தீவனத்தைச் சந்தேகிக்க மாட்டேன். அறுப்புக்கு முந்தைய அந்தக் கடைசி நிமிடங்களைப் பாருங்கள்.

மிரண்ட பன்றியின் தசையில் கிளைக்கோஜன் (தசை சேமித்து வைக்கும் சர்க்கரை) மளமளவென்று லாக்டிக் அமிலமாகிறது. உடல் சூடு தணியும் முன்பே, அறுத்த 45 நிமிடத்துக்குள் பிஎச் (அமிலம் கூடக்கூடக் குறையும் அளவு) 6-க்குக் கீழே இறங்கிவிட்டால், சூடும் அமிலமும் சேர்ந்து புரதத்தைச் சிதைத்துவிடும். பிறகு தசையால் நீரைப் பிடித்து வைக்க முடியாது. நெடுநேரம் அலைந்து களைத்த பன்றியில் இதற்கு நேர்மாறு: கிளைக்கோஜன் முன்பே தீர்ந்து, இறைச்சி கருத்து, விறைத்து, சீக்கிரம் கெடும்.

இறக்கியபின் 2-3 மணி நேரம் நிழலில் படுக்க விடுங்கள், குடிக்கத் தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். பன்றிக்கு வியர்த்துச் சூடு தணியாது. வெயில் நாளில் மேலே தண்ணீர் தெளியுங்கள். வெவ்வேறு கொட்டில் பன்றிகளைக் கலக்காதீர்கள், கடித்துக் குதறிக்கொள்ளும். மின்கோலை, தயவுசெய்து, தொடவே வேண்டாம். பலகையால் மறித்து ஓட்டினாலே நடக்கும், அந்த உயிருக்கும் வேதனையில்லை.

இதற்குப் பிறகும் சில பன்றிகளில் மட்டும் இப்படி வந்தால், இனவிருத்திக்கு வைத்திருக்கும் ஆண் பன்றிக்கு ஹாலோதேன் மரபணுப் பரிசோதனை (மிரண்டால் இறைச்சி இப்படி வெளிறும் தன்மையைக் குட்டிகளுக்குக் கடத்தும் மரபணு இருக்கிறதா என்று பார்ப்பது) செய்து பாருங்கள்.